பெயரில்லாதவற்றின் பேரேடு

சென்ற ஆண்டு இறுதியில் என் அண்ணன் மகள் மெல்பர்னிலிருந்து அழைத்தாள். அங்கேயே பிறந்து வளர்ந்தவள். நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஏரிச் சேற்றிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வை வைத்துக்கொண்டு, அதில் என்னென்ன பாக்டீரியா இருக்கின்றன என்று கண்டுபிடிப்பது அவளுக்குக் கொடுத்த பயிற்சி. ஆனால் பயிற்சிக் குறிப்பில் அச்சிட்டிருந்த தரவுத்தளத்தின் முகவரி திறக்கவில்லை. "சித்தப்பா, நீங்க பழைய சர்வர்ல இருந்து டேட்டா தோண்டி எடுக்கிற வேலைதானே பாக்கிறீங்க? இது எங்க போச்சுன்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

என் தொழிலைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. நிறுவனங்களின் பழைய தரவுத்தளங்களைப் புது வீட்டுக்குக் குடிபெயர்த்துக் கொடுப்பதுதான் ஜெர்மனியில் நான் செய்யும் வேலை. உயிரியலைப் பள்ளியோடு விட்டவன். ஒரு சனிக்கிழமை மதியம் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஆனால் அந்த முகவரியின் வேரைத் தேடிப் போனால், அது 1970களில் இல்லினாய் மாநிலத்து அர்பானா நகரில், எக்ஸ்-ரே ஃபிலிம்களை விளக்குப் பலகையில் ஒட்டிவைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தனிமையான மனிதரிடம் போய் நின்றது.

கார்ல் வோஸ் இயற்பியல் படித்துவிட்டு உயிரியலுக்கு வந்தவர். பாக்டீரியாக்களுக்குள் யார் யாருக்கு உறவு என்பதை அன்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. யானைக்கும் எலிக்கும் எலும்பு இருக்கிறது, ஒப்பிடலாம். பாக்டீரியாவுக்கு உருண்டை, குச்சி, சுருள் என்பதற்குமேல் உருவம் என்று எதுவும் கிடையாது. உறவுமுறையைத் தேடுவதே வீண் என்று பாடநூல் எழுதியவர்களே கைவிட்டிருந்த காலம். 1969இல் பிரான்சிஸ் கிரிக்குக்கு எழுதிய கடிதத்தில் வோஸ் தன் திட்டத்தைச் சொல்கிறார்: செல்லுக்குள்ளேயே இருக்கும் மூலக்கூறுகளின் எழுத்துவரிசையைப் புதைபடிவம் போலப் படிப்பது.

எந்த மூலக்கூறு? ஒவ்வொரு உயிரணுவிலும் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் இருக்கிறது. அதன் சிறு பாதிக்கு முதுகெலும்பாக இருப்பது 16எஸ் ஆர்.என்.ஏ. ஈ.கோலியில் அது 1,542 எழுத்துகள் நீளம். இது இல்லாமல் எந்த உயிரணுவும் பிழைக்காது என்பதால், இதில் பிழை விழுந்தால் பெரும்பாலும் அந்த உயிர் அங்கேயே முடிந்துவிடும். பொறுத்துக்கொள்ளக்கூடிய பிழைகள் மட்டும் மிக மெதுவாகச் சேர்கின்றன. ஓலைச்சுவடியைப் பெயர்த்து எழுதியவர்களின் கைப்பிழைகளை ஒப்பிட்டு, எந்தச் சுவடி எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று பதிப்பாசிரியர்கள் கண்டுபிடிப்பார்கள் அல்லவா, அதே தர்க்கம்தான். ஒரே பாடபேதத்தைப் பகிரும் இரண்டு சுவடிகளுக்குப் பொது மூலம் ஒன்று இருந்திருக்க வேண்டும். இங்கே சுவடியின் வயது முந்நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

அன்று முழு வரிசையையும் படிக்க வழியில்லை. ஃபிரெட் சாங்கர் உருவாக்கிய முறையில், கதிரியக்கப் பாஸ்பரஸ் ஊட்டி வளர்த்த நுண்ணுயிரின் ஆர்.என்.ஏ.வை ஒரு நொதியால் வெட்டுவார்கள். அந்த நொதி 'ஜி' என்ற எழுத்துக்குப் பின்னால் மட்டும் வெட்டும். துண்டுகளை மின்புலத்தில் ஓடவிட்டால் ஃபிலிமில் கருப்புப் புள்ளிகளாக விழும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சொல். புள்ளிகளை எண்ணி, பிரித்து, படித்து, ஒரு நுண்ணுயிருக்கு ஒரு சொற்பட்டியல் தயாரிக்க மாதக்கணக்காகும். ஒரு புத்தகத்தைக் கிழித்து, அதிலுள்ள சொற்களை அகரவரிசையில் அடுக்கி, அந்தப் பட்டியலை மட்டும் வைத்து இன்னொரு புத்தகத்தோடு ஒப்பிடுவதைப் போன்றது. அந்தப் புள்ளிகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் உலகிலேயே மிகச் சிலர். வோஸ் வருடக்கணக்கில் அதைச் செய்தார்.

1976இல் அதே பல்கலைக்கழகத்தில் இருந்த ரால்ஃப் உல்ஃப், மீத்தேன் வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்களைக் கொடுத்தார். அவற்றின் ஃபிலிமில் பாக்டீரியாவுக்கு இருந்தே ஆகவேண்டிய சொற்கள் இல்லை. தவறு நடந்துவிட்டதோ என்று திரும்பச் செய்தார்கள். அப்போதும் இல்லை. பாக்டீரியாவிடமிருந்து இவை எவ்வளவு தூரமோ, கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் நம்மிடமிருந்தும். 1977 நவம்பரில் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் வெளியிட்ட கட்டுரை, உயிர்களின் முதல் பிரிவு இரண்டல்ல, மூன்று என்றது. நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் போட்டது. உடனே, நோபல் பரிசு பெற்ற சால்வடார் லூரியா உல்ஃபைத் தொலைபேசியில் அழைத்து, இந்த அபத்தத்திலிருந்து விலகிக்கொள், இல்லையென்றால் உன் பெயர் கெட்டுவிடும் என்று எச்சரித்தார். எங்காவது ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது என்று உல்ஃப் பிற்பாடு எழுதியிருக்கிறார். அமெரிக்கா முகம் சுளித்தபோது மியூனிக்கில் ஓட்டோ காண்ட்லர் ஏற்றுக்கொண்டார்; 1981இல் இந்த உயிர்களுக்கென்றே ஒரு மாநாடும் கூட்டினார். ஆர்க்கியா என்ற இன்றைய பெயர் 1990இல் வோஸ், காண்ட்லர், வீலிஸ் மூவரும் சேர்ந்து வைத்தது.

இதில் எனக்குப் பிடித்த ஒரு முரண்: வோஸின் கட்டுரை வந்த அடுத்த மாதமே, அதே இதழில், சாங்கரின் டி.என்.ஏ. படிக்கும் வேகமான முறை வெளியானது. பத்தாண்டு உழைப்பில் சேர்த்த சொற்பட்டியல்கள் எல்லாம் விரைவில் பழங்காலத்துப் பொருளாகிவிட்டன. ஆனால் அவை எழுப்பிய கேள்விக்கு இப்போது முழு வரிசைகள் வந்து குவியத் தொடங்கின.

குவிந்ததை எங்கே வைப்பது? 1991இல் கேரி ஓல்சன், நீல்ஸ் லார்சன், வோஸ் மூவரும் ரைபோசோம் தரவுத்தளத் திட்டத்தை அறிவித்தார்கள். சுருக்கமாக ஆர்.டி.பி. வலைத்தளம் என்ற பழக்கம் வராத காலம். எஃப்.டி.பி. வழியாக இறக்கிக்கொள்ளலாம், அல்லது உங்கள் வரிசையை மின்னஞ்சலில் அனுப்பினால் இயந்திரம் பதில் அனுப்பும். வெறும் கிடங்கு என்றால் ஜென்பேங்க் ஏற்கனவே இருந்தது. ஆர்.டி.பி. கொடுத்தது பொருத்திவைத்த வரிசைகளை. ஒரு நுண்ணுயிரின் 500ஆவது எழுத்தும் இன்னொன்றின் 507ஆவது எழுத்தும் ஒரே மூதாதை எழுத்தின் வாரிசுகள் என்று தீர்மானித்து, ஒரே பத்தியில் நிறுத்துவது. பாதி கணக்கு, பாதி கண்ணும் அனுபவமும். நிரலாளர்கள் குறைத்து மதிப்பிடும் வேலை இதுதான். நானும் மதிப்பிட்டிருக்கிறேன்.

அந்தக் கண் எவ்வளவு துல்லியமானது என்பது 2000இல் தெரிந்தது. வெவ்வேறு உயிர்களின் வரிசைகளில் எந்த இரண்டு எழுத்துகள் சேர்ந்தே மாறுகின்றன என்று பார்த்து, அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று வோஸ், ஹாரி நோலர், ராபின் குட்டெல் ஆகியோர் 16எஸ்ஸின் மடிப்புகளை, மூலக்கூறைப் பார்க்காமலே, காகிதத்தில் வரைந்து வைத்திருந்தார்கள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் குழு, கேம்பிரிட்ஜில் அந்தச் சிறு பாதியின் அணு அளவிலான வடிவத்தை வெளியிட்டது. அவருக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தபோது நம் வாட்ஸ்அப் குழுக்களில் பெருமைச் செய்திகள் பறந்தன. அந்த வடிவத்தை வைத்து இந்த வரைபடத்தைச் சரிபார்த்த கதையை யாரும் பகிர்ந்ததாக நினைவில்லை. காகிதத்தில் ஊகித்த இணைகளில் 97 சதவீதத்துக்கும் மேல் படிகத்தில் அப்படியே இருந்தன.

1990களின் இறுதியில் ஆர்.டி.பி. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குக் குடிபெயர்ந்தது. ஜேம்ஸ் கோல், ஜேம்ஸ் டீட்ஜே ஆகியோரின் பொறுப்பில், 2007இல் ஒரு வகைப்படுத்தும் கருவி வெளிவந்தது. அதன் உள்ளே பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வரிசையை எட்டு எட்டு எழுத்துச் சொற்களாக நறுக்கி, எந்தச் சொற்கள் எந்தப் பேரினத்தில் அதிகம் வருகின்றன என்ற நிகழ்தகவை வைத்து இனம் சொல்கிறது. நம் மின்னஞ்சலில் குப்பைக் கடிதங்களைப் பிரிக்கும் அதே பேயஸ் சூத்திரம். வோஸின் கிழிந்த புத்தகம் வேறு வழியாகத் திரும்பி வந்திருந்தது.

இதற்குள் மியூனிக்கில் வொல்ஃப்காங் லுட்விக்கின் குழு ஏ.ஆர்.பி. என்ற மென்பொருளை எழுதியிருந்தது. பெயர் லத்தீனில் மரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பிரேமனில் மாக்ஸ் பிளாங்க் கடல் நுண்ணுயிரியல் நிறுவனத்தில் ஃபிராங்க் ஓலிவர் குளோக்னரின் குழு, அவர்களோடு சேர்ந்து 2007இல் தொடங்கிய தரவுத்தளத்துக்கு வைத்த பெயர் சில்வா. லத்தீனில் காடு. கலிஃபோர்னியாவில் 2006இல் கிரீன்ஜீன்ஸ் என்று மூன்றாவதும் வந்துவிட்டது.

மூன்றும் வளர்ந்த விதத்தைவிட அவை நின்ற விதம்தான் என்னைப் போன்றவனுக்கு நெஞ்சைத் தொடும் விஷயம். கிரீன்ஜீன்ஸ் 2013க்குப் பிறகு புதுப்பிக்கப்படவில்லை. ஆனால் பலரும் பயன்படுத்திய கியூம் என்ற மென்பொருளில் அதுவே இயல்பாக அமைந்திருந்ததால், குடல் நுண்ணுயிர் ஆய்வுகள் பல ஆண்டுகள் கழித்தும் 2013இன் உலகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. 2022இல்தான் கிரீன்ஜீன்ஸ்2 வந்தது. ஆர்.டி.பி.யின் கடைசிப் பெரிய வெளியீடு 2016 செப்டம்பரில்: 33,56,809 வரிசைகள். அதன் வகைப்படுத்தும் கருவிக்கு மட்டும் 2023இல் ஒரு புதிய பயிற்சித் தொகுப்பு வெளியானது. ஆன்ட்வெர்ப்பில் பிறந்து கெண்ட் நகருக்கு இடம் மாறிய ஐரோப்பியத் தரவுத்தளம் ஒன்றும் இருந்தது. இன்று அதை நினைப்பவர்கள் குறைவு. புதிய தளம் தொடங்க மானியம் கிடைக்கும். இருக்கும் தளத்தின் பிழைகளைத் திருத்திக்கொண்டிருக்க எவரும் எளிதில் பணம் தருவதில்லை. இதை நான் வங்கிகளிலும் தொழிற்சாலைகளிலும் பார்த்துச் சலித்தவன்.

பிழைகள் சின்னவை அல்ல. பொதுக் கிடங்குகளிலுள்ள 16எஸ் பதிவுகளில் இருபதுக்கு ஒன்றாவது பழுதானது என்று 2005இல் ஓர் ஆய்வு கணித்தது. பி.சி.ஆர். செய்யும்போது இரண்டு உயிர்களின் துண்டுகள் ஒட்டிக்கொண்டு, உலகில் இல்லாத ஓர் உயிர் பிறந்துவிடும். 2018இல் ராபர்ட் எட்கர், சில்வாவிலும் கிரீன்ஜீன்ஸிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தும் வெவ்வேறு பெயர் தாங்கிய 2,49,490 வரிசைகளைக் கண்டார். அதிலிருந்து ஏறக்குறைய 17 சதவீதப் பெயர்கள் தவறு என்று மதிப்பிட்டார். ஏனென்றால் பெரும்பாலான பெயர்கள் யாரும் உயிரை வளர்த்துப் பார்த்து வைத்தவை அல்ல; பக்கத்து வரிசையைப் பார்த்துக் கணினி ஊகித்தவை. ஊகத்தின்மேல் அடுத்த ஊகம் ஏறுகிறது.

அப்படியிருந்தும் இந்தத் தரவுத்தளங்கள் ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1999இல் ஆழ்கடல் சேற்றிலிருந்து சில ஆர்க்கியா வரிசைகள் கிடைத்தன. எந்த ஆய்வகத்திலும் வளராத உயிர்கள். ஒரு குழு 'ஆழ்கடல் ஆர்க்கியா குழு' என்றது, இன்னொரு குழு 'கடலடிக் குழு பி' என்று எண்ணிடுவதுபோல் ஒரு பெயர் வைத்தது. இரண்டும் ஒன்றேதான். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் அவை பட்டியலில் வெறும் எழுத்துகளாகக் கிடந்தன. 2015இல் உப்சாலாவின் தீஸ் எட்டமா குழு, ஆர்க்டிக் நடுக்கடல் மேட்டில் லோகியின் கோட்டை என்ற வெந்நீர்த் துளைக்கு அருகில் எடுத்த சேற்றில் அந்த 16எஸ் அடையாளம் நிறைய இருப்பதைக் கண்டு, அங்கேயே ஆழமாகத் தேடியது. லோகியார்க்கியோட்டா என்று பெயரிடப்பட்ட அந்த உயிரின் மரபணுக்களில், செடி, பூஞ்சை, மனிதர் ஆகிய நம் வகைச் செல்களுக்கு மட்டுமே உரியவை என்று கருதப்பட்டவை பல இருந்தன. அன்று தெரிந்திருந்த ஆர்க்கியாவில் நமக்கு மிக நெருங்கிய உறவு. அந்த வரிசைகளை 'பெயரில்லை, குப்பை' என்று யாராவது சுத்தம் செய்து எறிந்திருந்தால், எந்தச் சேற்றில் தேடுவது என்று தெரிந்திருக்காது.

சில்வா இன்னும் ஓடுகிறது. பிரேமனிலிருந்து அது இப்போது பிரௌன்ஷ்வைக்கில் உள்ள டி.எஸ்.எம்.இசட். என்ற நுண்ணுயிர் சேகரிப்பு நிலையத்துக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. உறைந்த உயிர்களும் அவற்றின் எழுத்துகளும் ஒரே கூரையின் கீழ். 138.1 வெளியீட்டில் சிறு பாதிக்கு மட்டும் 94 லட்சத்துக்கும் அதிகமான வரிசைகள். ஒன்றுபோல் இருப்பவற்றை நீக்கிய தொகுப்பில் ஏறக்குறைய 5 லட்சத்து 10 ஆயிரம். முன்பு வணிக நிறுவனங்கள் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. 138ஆம் வெளியீட்டிலிருந்து எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.

அண்ணன் மகளுக்கு இந்த முகவரியைக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துப் பட்டியலை அனுப்பினாள். பாதிக்குமேல் 'வளர்க்கப்படாதது' என்று இருந்தது. பதினொரு வரிசைகளுக்கு அதுகூட இல்லை.

"இதை எல்லாம் எடுத்துட்டு ரிப்போர்ட் குடுத்துடவா சித்தப்பா? அசிங்கமா இருக்கு."

"எடுக்காதே. எந்த வெர்ஷன்ல தேடினே?"

"138.2. ஏன்?"

"அதையும் எழுதி வை. சேறு எடுத்த இடம், தேதி, ஆழம் எல்லாம்."

ஆழம் எழுதிக்கொள்ளவில்லையாம். அடுத்த வாரம் மறுபடி ஏரிக்குப் போகிறார்கள், அப்போது அளந்துவிடுகிறேன் என்றாள்.