காகிதத்தில் வந்த பணக்காரன்

2014 ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை. நைஜீரிய அரசின் புள்ளிவிவரத் துறை ஒரு கணக்கை வெளியிட்டது. அவ்வளவுதான். ஆப்பிரிக்காவின் மிகப்பெரிய பொருளாதாரம் என்றிருந்த தென்னாப்பிரிக்கா இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது. நைஜீரியாவின் 2013ம் ஆண்டு உற்பத்தி மதிப்பு 89 சதவீதம் எகிறி, சுமார் 51,000 கோடி டாலர்!

புதையல் எடுத்தார்களா? அதெல்லாம் இல்லை. பழைய கணக்குக்கு அடிப்படை ஆண்டு 1990. அப்போது செல்போன் ஏது? 'நாலிவுட்' சினிமா ஏது? இப்போது 2010ஐ அடிப்படையாக வைத்து, விட்டுப்போனதையெல்லாம் சேர்த்தார்கள். 1 சதவீதம்கூட இல்லாத தொலைத்தொடர்பு 8.7 ஆனது. எண்ணெய், எரிவாயுவின் பங்கு 32லிருந்து 14 ஆக இறங்கியது.

அப்பாடா, எண்ணெயிடமிருந்து விடுதலை என்றுதானே தோன்றுகிறது?

கொஞ்சம் பின்னால் போவோம். 1956ல் ஒலொய்பிரி என்ற ஊரில் எண்ணெய் கிடைத்தது. 1958ல் ஏற்றுமதி. அதற்கு முன்பு அந்த நாட்டுக்குச் சோறு போட்டது கோகோ, பாமாயில், நிலக்கடலை. கானோ நகரத்தில் கடலை மூட்டைகளைப் பிரமிடு மாதிரி அடுக்கிவைப்பார்கள். 1973ல் எண்ணெய் விலை நாலு மடங்கானது. டாலர் கொட்டியது. விவசாயத்தை யார் கவனிப்பார்கள்? வறட்சியும் பயிர் நோயும் சேர்ந்துகொள்ள, பிரமிடுகள் காணாமல் போயின.

இப்போது அந்த 14 சதவீதத்துக்கு வருவோம். ஒரு கூட்டுக் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வயல், மாடு, தையல் மெஷின் என்று எல்லோரும் உழைக்கிறார்கள். ஆனால் வாடகை, ஸ்கூல் ஃபீஸ், மருந்துச் செலவு எல்லாம் மூத்த பையன் அனுப்பும் மணியார்டரில்தான். மொத்த உழைப்பில் அவன் பங்கு கொஞ்சம்தான். அவனுக்கு வேலை போனால்?

நைஜீரியாவில் அந்த மூத்த பையன் எண்ணெய். 2014 வாக்கில் ஏற்றுமதி வருமானத்தில் ஏறக்குறைய 90 சதவீதம், அரசாங்க வருமானத்தில் சுமார் 70 சதவீதம் அவன் தலையில்தான் இருந்தது.

2014 ஜூனில் பீப்பாய் 110 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய், 2016 ஜனவரியில் 30க்குக் கீழே விழுந்தது. இடையில் 2015ல் பல மாநிலங்களில் அரசு ஊழியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. 2016 ஜூனில் டாலருக்கு 197 நைரா என்றிருந்த மதிப்பு, கட்டுப்பாட்டைத் தளர்த்திய முதல் நாளே 280ஐத் தாண்டியது. அந்த வருஷம் பொருளாதாரம் சுமார் 1.6 சதவீதம் சுருங்கியது.

2014ல் வந்த கணக்கு பொய்யில்லை. எதை யார் எவ்வளவு உற்பத்தி செய்கிறார்கள் என்று அது சரியாகச் சொன்னது. சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று சொல்வது அதன் வேலையில்லை.

இனி எந்த நாட்டின் சதவீதக் கணக்கைப் பார்த்தாலும் ஒன்று கேளுங்கள்: மணியார்டர் யார் அனுப்புகிறார்கள்?