நூறு முதல் நூற்றுப்பன்னிரண்டு வரை: அவசர அழைப்புக்குப் பணம் தருபவர் யார்?

இந்திய அரசமைப்பின் ஏழாம் அட்டவணையை ஒருமுறை படித்துப் பார்த்தாலே நம் நாட்டு அவசர அழைப்பு எண்களின் வரலாறு பாதி விளங்கிவிடும். தொலைபேசி ஒன்றியப் பட்டியலின் 31ஆம் பதிவில் உள்ளது. காவல்துறை மாநிலப் பட்டியலின் 2ஆம் பதிவிலும், பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் அதே பட்டியலின் 6ஆம் பதிவிலும் இடம்பெறுகின்றன. தீயணைப்பு, பன்னிரண்டாம் அட்டவணைப்படி, நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளுள் ஒன்று. ஆகவே எண்ணை ஒதுக்கும் அதிகாரம் தில்லியில் இருக்கிறது. அந்த எண்ணில் மணி ஒலிக்கும்போது எடுத்துப் பேச ஆளமர்த்திச் சம்பளம் தரும் பொறுப்பு மாநிலங்களிடம் இருக்கிறது. நூறு என்ற எண்ணிலிருந்து நூற்றுப்பன்னிரண்டு வரையிலான பயணம் முழுவதும் இந்தப் பிளவினூடாகவே நடந்திருக்கிறது.

அவசர எண் என்ற கருத்து எதற்காகப் பிறந்தது என்பதை முதலில் நினைவுகூர்வது நல்லது. 1935 நவம்பர் 10 அன்று இலண்டனின் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றி ஐந்து பெண்கள் உயிரிழந்தனர். எதிர்வீட்டுக்காரர் ஒருவர் தீயணைப்புப் படைக்குத் தொலைபேச முயன்றார். இணைப்பகத்தில் சாதாரண அழைப்புகளின் வரிசையில் அவருடைய அழைப்பும் காத்திருக்க நேர்ந்தது. அவர் ‘தி டைம்ஸ்’ நாளிதழுக்குக் கடிதம் எழுதினார், விசாரணை நடந்தது, 1937 ஜூன் 30 அன்று இலண்டனில் 999 நடைமுறைக்கு வந்தது. தொலைபேசி அந்நகரில் ஏற்கெனவே இருந்தது, இணைப்பகத்தில் பணியாளர்களும் இருந்தனர். எவரது அழைப்பை முதலில் எடுப்பது என்ற ஏற்பாடுதான் இல்லாமலிருந்தது. 999 சுழற்றப்பட்டவுடன் இணைப்பகத்தில் சிவப்பு விளக்கு எரிந்து ஒலிப்பான் முழங்கியது; பணியாளர் பிற வேலைகளை விட்டுவிட்டு அதை எடுத்தார். உடனே எடுப்பதற்கு ஒருவர் எப்போதும் ஆயத்தமாக இருப்பார் என்னும் உறுதிமொழிக்கு 999 ஒரு பெயர். அந்த உறுதிமொழியைக் காப்பதற்கு நாள்தோறும் செலவு உண்டு.

இந்தியாவில் காவலுக்கு 100, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 102 என்னும் மூவெண் முறை நிலைபெற்ற காலத்தில் தொலைபேசி ஒரு சிறுபான்மையின் உடைமை. 1991இல்கூட நாட்டில் ஏறத்தாழ 50 இலட்சம் இணைப்புகளே இருந்தன. அழைத்தவர் யார், எந்தத் தெருவில் இருக்கிறார் என்பதைக் கம்பியே காட்டிக்கொடுத்தது. நகரத்து இணைப்பகம் நகரத்துக் கட்டுப்பாட்டு அறைக்கே அழைப்பைச் சேர்த்தது. எடுத்தவர் பெரும்பாலும் அவ்வூர் மொழி பேசுபவர்; அவ்வூர்த் தெருக்களை அறிந்தவர். இடமும் மொழியும் கேள்விக்குள்ளாகாத ஓர் உலகம் அது. 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து தில்லிக்கு நிகழ்ந்த முதல் செல்பேசி உரையாடலுக்குப் பிறகு, அவ்வுலகின் இரு தூண்களும் மெல்லச் சரியத் தொடங்கின.

எண்கள் பெருகத் தொடங்கியதும் அதே காலத்தில்தான். 1996இல் மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணியிலிருந்து குழந்தைகளுக்கான 1098 பிறந்தது. ‘தஸ், நௌ, ஆட்’ என்று இறங்குவரிசையில் சொல்லும்படி அமைந்த அந்த எண், எழுத்தறியாத தெருக்குழந்தைக்கும் மனத்தில் பதிந்தது. மொழியின் இயல்பை அறிந்து அமைந்த அரிய எண் அது. பிறகு பெண்களுக்கு 1091 வந்தது. 2005 ஆகஸ்ட் 15 அன்று ஐதராபாத்தில் 108 தொடங்கியது. மருத்துவம், காவல், தீ மூன்றுக்கும் ஒரே எண் என்ற எண்ணத்துடன் தொடங்கினாலும், மக்கள் நினைவில் அது ஆம்புலன்சின் எண்ணாகவே நிலைத்தது.

108இன் நிதிவரலாறு தனியாகப் பயிலத்தக்கது. அதைத் தொடங்கிய அவசரகால மேலாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தின் பின்னால் சத்யம் நிறுவனத் தலைவர் இராமலிங்க ராஜு இருந்தார். அதே 2005இல் தொடங்கப்பட்ட தேசிய ஊரக நலவாழ்வு இயக்கத்தின் வழியாக ஒன்றியப் பணம் இத்தகைய ஊர்திச் சேவைகளுக்குக் கிடைத்தது. நடத்துசெலவுக்கான ஒன்றிய உதவி முதலாண்டில் 60 விழுக்காடு, இரண்டாம் ஆண்டில் 40, அதன்பின் 20 என்று படிப்படியாகக் குறையும்படி வகுக்கப்பட்டது. திட்டத்தைத் தொடங்கிவைக்க ஒன்றியம் கைகொடுக்கும், தாங்கிப் பிடிப்பது மாநிலத்தின் பொறுப்பு என்பதே இதன் பொருள். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கணக்கு மோசடியை ராஜுவே ஒப்புக்கொண்டபோது, சேவை நின்றுவிடுமோ என்ற அச்சம் பரவியது. ஊர்திகள் நிற்கவில்லை. நடத்துசெலவின் பெரும்பகுதியை மாநில அரசுகள் ஏற்றிருந்ததே அதற்கு முக்கியக் காரணம். பின்னர் ஜி.வி.கே. குழுமம் அந்நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றது. நிறுவனரின் வீழ்ச்சியைத் தாண்டி ஒரு பொதுச்சேவையை உயிர்ப்புடன் வைத்திருந்தது, ஆண்டுதோறும் தவறாமல் வரும் பணம்.

2012 டிசம்பர் 16 தில்லி நிகழ்வுக்குப் பின் வரலாறு வேறு திசையில் திரும்பியது. சில நாள்களிலேயே தில்லியில் பெண்களுக்கென 181 என்ற புதிய எண் வந்தது. 2013 பிப்ரவரியில் ஒன்றிய நிதிநிலை அறிக்கை 1,000 கோடி ரூபாயுடன் நிர்பயா நிதியை அறிவித்தது. அதே ஆண்டு மார்ச்சில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், நாடு முழுவதற்கும் ஒரே எண் குறித்த கலந்தாய்வு அறிக்கையை வெளியிட்டது. அப்போது நாட்டில் 80 கோடிக்கும் மேற்பட்ட செல்பேசி இணைப்புகள் இருந்தன. அவசர எண்களோ 100, 101, 102, 108, 1091, 1098, 181 எனச் சிதறிக் கிடந்தன. இவை வெறும் எண்களல்ல. ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் அமைச்சகம், ஒரு திட்டம், ஒரு நிதித்தலைப்பு இருந்தன. ஒரு துயரத்துக்குப் பின் புதுத் திட்டம் வரும்; திட்டத்துடன் புது எண்ணும் வரும். ஆபத்தில் இருப்பவர் எந்த எண்ணை அழுத்துவது என்று அரசின் துறைப்பிரிவினையை அறிந்து தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

2015 ஏப்ரலில் டிராய் 112ஐப் பரிந்துரைத்தது. ஐரோப்பிய நாடுகள் 1991இலேயே பொது எண்ணாக ஏற்றுக்கொண்டது என்பதோடு, அதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. ஜி.எஸ்.எம். செல்பேசிகள் 112ஐ அவசர எண்ணாகத் தாமே அறிந்துகொள்ளும். திரை பூட்டப்பட்டிருந்தாலும் அந்த எண்ணை அழைக்க இயலும். பழைய எண்களை ஒழிக்காமல், அவற்றுக்கு வரும் அழைப்புகளைப் புதிய எண்ணுக்குத் திருப்பிவிடலாம் என்றும் ஆணையம் சொன்னது. 2016 ஏப்ரலில் வந்த விதிகள், மறு ஆண்டு முதல் எல்லாச் செல்பேசிகளிலும் ஆபத்துப் பொத்தான் இருக்க வேண்டும் என்றன. சாதாரணச் செல்பேசியில் 5 அல்லது 9ஐ நீண்டநேரம் அழுத்துவது, திறன்பேசியில் மின்பொத்தானை மூன்றுமுறை அழுத்துவது என வகை சொல்லப்பட்டது. 2018 முதல் இடங்காட்டும் வசதியும் கட்டாயமாக்கப்பட்டது.

உள்துறை அமைச்சகம் முன்னெடுத்த 112 அவசரகால எதிர்வினை அமைப்புக்கு நிர்பயா நிதியிலிருந்து 321.69 கோடி ரூபாய் ஒப்புதலானது. தொழில்நுட்பப் பொறுப்பு திருவனந்தபுரம் சி-டாக் நிறுவனத்திடம் வந்தது. 2018 நவம்பர் 28 அன்று இமாச்சலப் பிரதேசம் முதல் மாநிலமாக இணைந்தது. 2019 பிப்ரவரி 19 அன்று தமிழ்நாடு உள்ளிட்ட மேலும் பல மாநிலங்களும் ஒன்றியப் பகுதிகளும் இணைந்தன. அந்த 321.69 கோடியை 2011 கணக்கெடுப்பின் 121 கோடி மக்களுக்குப் பகிர்ந்தால் தலைக்கு ஏறக்குறைய 2 ரூபாய் 66 காசு வரும். மாநிலங்கள் தம் பங்குக்குக் கட்டடமும் ஊர்தியும் ஆளும் தந்தன என்பதால் மொத்தச் செலவு இதைவிடப் பன்மடங்கு. ஆனால் அந்தப் பெரும்பகுதி மாநிலக் காவல்துறைகளின் வழக்கமான ஒதுக்கீட்டுக்குள் கரைந்துவிடுவதால், அவசர அழைப்புக்கு நாடு எவ்வளவு செலவிடுகிறது என்பது ஒரே கணக்கில் காணக் கிடைப்பதில்லை.

பணம் வந்த வழி, அமைப்பின் வடிவத்தையும் தீர்மானித்தது. பெண்கள் பாதுகாப்புக்கான நிதியிலிருந்து உள்துறை வழியாக வந்ததால் 112 காவல்துறையை மையமாகக் கொண்டு எழுந்தது. நலவாழ்வுத் துறை வழியாகப் பணம் பெற்ற 108, பல மாநிலங்களில் தனி நிறுவனமாக, தனி ஒப்பந்தத்தில், தனி அழைப்பு மையத்துடன் தொடர்ந்தது. இரண்டையும் கணினியால் இணைக்க முடிந்தது. இரண்டு நிதித்தலைப்புகளை இணைப்பது அத்துணை எளிதாக இல்லை.

அமெரிக்காவில் 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமாவின் ஹேலிவில்லில் முதல் 911 அழைப்பு ஒலித்தது. அங்கு மாநிலங்களும் உள்ளாட்சிகளும் தொலைபேசிக் கட்டணச் சீட்டிலேயே 911க்கென ஒரு சிறு தொகையைச் சேர்த்து வசூலித்தன. பின்னாளில் அது செல்பேசிக்கும் நீண்டது. அம்முறையிலும் ஓட்டைகள் உண்டு. வசூலித்த பணத்தைச் சில மாநிலங்கள் வேறு செலவுகளுக்குத் திருப்பின. 2008ஆம் ஆண்டுச் சட்டம் இத்திருப்பங்களை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு அறிக்கையிடச் செய்தது. அடுத்த தலைமுறை 911க்கு மாற பத்தாண்டுகளில் 950 கோடி முதல் 1,270 கோடி டாலர் வரை தேவை என்று 2018இல் அரசே ஒரு மதிப்பீட்டை முன்வைத்தது. அங்கே குறை இருந்தாலும், எந்தக் குடம் எங்கே ஒழுகுகிறது என்று சுட்டிக்காட்ட ஒரு கணக்கு இருக்கிறது. இந்தியாவிலும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயிலிருந்து உலகளாவிய சேவைக்கென 5 விழுக்காட்டுத் தீர்வை வசூலாகிறது. ஆனால் அதன் முதன்மை நோக்கம் எட்டாத ஊர்களுக்குத் தொலைத்தொடர்பை நீட்டுவது. நீட்டிய தொடர்பின் மறுமுனையில் பேசுபவரின் சம்பளம் அதன் நோக்கத்தில் இல்லை.

செல்பேசி குலைத்த இரு தூண்கள் இடமும் மொழியும் என்று மேலே கூறப்பட்டது. இடத்தை மீட்கப் பெரும் முயற்சி நடந்தது. அலைக்கோபுரத் தரவு, செயற்கைக்கோள் இடங்காட்டி, எண்ணியல் வரைபடம், ஊர்தியில் பொருத்திய திரை ஆகிய யாவும் அதற்காகவே. மொழியை மீட்க அதற்கு ஈடான முயற்சி நடைபெறவில்லை. 112 அழைப்பு, அழைப்பவர் நிற்கும் மாநிலத்தின் மையத்துக்குச் செல்கிறது. அங்கே மாநில மொழியும், பெரும்பாலும் இந்தியும் ஆங்கிலமும் கிடைக்கும். திருப்பூர்ப் பின்னலாடை ஆலையில் பணிபுரியும் ஒடியாப் பெண்ணுக்கும், சூரத்தில் வேலைபார்க்கும் தமிழருக்கும், மாநில எல்லைகளுக்குக் குறுக்கே வாழும் பீலி மொழியினருக்கும் அது போதுமா என்பது திறந்த கேள்வி. 2011 கணக்கெடுப்பு, பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் மொழிகளாக 121ஐக் காட்டுகிறது. பீலி பேசுவோர் மட்டும் ஒரு கோடிக்கு மேல். அது எந்த மாநிலத்துக்கும் ஆட்சிமொழியன்று. அச்சத்தில் இருக்கும் மனிதர் கற்ற மொழியைவிடப் பிறந்த மொழியையே நாடுவார். ‘மூச்சு வாங்குது’ என்பதற்கும் ‘மூச்சு நின்னுபோச்சு’ என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டைச் செயற்கைக்கோள் சொல்லாது.

இடத்துக்குப் பணம் கிடைத்து மொழிக்குக் கிடைக்காமல் போனது தற்செயலன்று. இடங்காட்டும் கருவி ஒருமுறை வாங்கும் பொருள். ஒப்பந்தப்புள்ளி கோரலாம், தொடக்கவிழா நடத்தலாம், பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பிக் கணக்கை முடிக்கலாம். மொழி என்பது மூன்று வேளைப் பணிமுறையில் அமர்ந்திருக்கும் மனிதர். அவருடைய செலவு மாதந்தோறும் வரும், என்றும் முடியாது. மூலதனச் செலவுக்கு ஒன்றியமும் தொடர்செலவுக்கு மாநிலமும் என்ற பழைய பாகப்பிரிவினையில், வேற்றுமாநில மொழி பேசுபவரின் அழைப்பு எந்தப் பக்கக் கணக்கிலும் எளிதில் அடங்குவதில்லை.

தீர்வுக்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. 1982இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில், வியட்நாமிய அகதிகளுடன் காவல்துறை பேச இயலாத நிலைக்கு மாற்றாகத் தொலைபேசிவழி மொழிபெயர்ப்புச் சேவை உருவாகி, பின்னர் நாடெங்கும் பரவியது. இந்தியாவின் நிலை அதைவிடச் சாதகமானது. ஒடியா அறிந்த பணியாளர் ஒடிசாவின் 112 மையத்தில் இரவும் பகலும் இருக்கிறார்; தமிழறிந்தவர் சென்னையில் இருக்கிறார். மூவர் உரையாடலாக அவர்களை இணைக்கும் தொழில்நுட்பம் அரிதன்று. பீலி, கோண்டி போன்ற மொழிகளுக்கு மட்டும் புதிதாக ஆளெடுத்துப் பயிற்றுவிக்க வேண்டியிருக்கும். ஒடிசாவில் அமர்ந்திருப்பவர் திருப்பூர் அழைப்புக்குச் செலவிடும் பத்து நிமிடத்தின் ஊதியம் எந்த அரசின் கணக்கில் எழுதப்படும் என்ற கேள்விக்கு விடை கண்டால் போதும். 112இன் அடுத்த கட்டத்தைத் திட்டமிடுவோர், கருவிகளின் பட்டியலுக்கு முன்னால் அந்த ஒரு வரியை எழுதி, அதற்கு ஆண்டுதோறும் வரும் பணத்தை ஒதுக்க வேண்டும்.