இறங்கித் தள்ளியவர்கள்

எங்கள் நன்னிலத்தில் மலை கிடையாது. ஊரில் உயரமானது எது என்று கேட்டால் மதுவனேசுவரர் கோயிலைக் காட்டுவார்கள். யானை ஏற முடியாதபடி கோச்செங்கட் சோழன் எழுப்பிய மாடக்கோயில்களில் ஒன்று என்பது ஐதிகம். அதை விட்டால் ஆற்றங்கரை. அதையும் விட்டால் களத்து வைக்கோல் போர். சைக்கிளில் போகிறவன் பாலத்து ஏற்றத்தில் நாலு மிதி அழுத்தி மிதித்தால் போதும். மறுபக்கம் வண்டி தானே இறங்கிவிடும். இப்படிப்பட்ட ஊர்க்காரன் மலைகளைச் சைக்கிளில் கடந்தவர்களின் சரித்திரத்தை எழுத வரலாமா என்று நேயர்கள் கேட்கலாம். எனக்கு இதில் ஒரு பழைய கணக்குப் பாக்கி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1923ஆம் வருஷம் அக்டோபர் 15ஆம் தேதி, பம்பாயிலிருந்து ஆறு பார்ஸி வாலிபர்கள் சைக்கிளில் உலகத்தைச் சுற்றக் கிளம்பினார்கள். பளு தூக்கும் சங்கம் ஒன்றில் பழகியவர்கள். உடம்பில் வலு இருந்தது. பஞ்சாபையும் பலூசிஸ்தானத்தையும் தாண்டி ஈரானுக்குள் நுழைந்தார்கள். டெஹ்ரான் நகரமே சுமார் 4,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பாக்தாதுக்குப் போக வேண்டுமானால் ஜாக்ரோஸ் மலைத்தொடர் குறுக்கே கிடக்கிறது. மலைத்தொடர் என்றால் ஒரு தடவை ஏறி ஒரு தடவை இறங்கிவிடும் சமாசாரமல்ல. கொசுவம் வைத்த புடவை மாதிரி மடிப்பு மடிப்பாகக் கிடக்கும். அரும்பாடுபட்டு ஏறிய உயரத்தையெல்லாம் இறக்கத்தில் பறிகொடுத்துவிட்டு, மறுபடியும் அடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அதன் பிறகு பாக்தாதிலிருந்து அலெப்போவுக்குப் பாலைவனம். அப்புறம் ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலைப் பனி. அமெரிக்கா, ஜப்பான், கொரியா, சீனா என்று சுற்றி, 1928ஆம் வருஷம் மார்ச் 18ஆம் தேதி பம்பாய் திரும்பினார்கள். நாலரை வருஷத்தில் ஏறக்குறைய 44,000 மைல்!

ஆனால் திரும்பி வந்து சேர்ந்தவர்கள் மூன்று பேர்தான்: ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா. இவர்கள் எழுதிய பயண நூல் 1931ல் வெளிவந்தது. நேரு முன்னுரை எழுதினார். மற்ற மூவர்? நரிமன் கபாடியா சொந்தக் காரணத்தால் டெஹ்ரானோடு திரும்பிவிட்டார். குஸ்தாத் ஹாதிராம் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். கேகி போச்கானாவாலாவும் பாதியில் விலகிக்கொண்டார். இந்த மூவரையும்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

இவர்கள் புறப்படுவதற்குப் பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் பிரான்ஸ் தேசத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1910ஆம் வருஷம் ஜூலை 21ஆம் தேதி, டூர் தெ பிரான்ஸ் பந்தயக்காரர்களை முதன்முதலாகப் பிரனீஸ் மலையின் துர்மலே கணவாய்க்கு மேல் ஓட்டிவிட்டார்கள். அதன் உயரம் 2,115 மீட்டர். அதாவது நம் கொடைக்கானல் உயரம். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி. அப்படி முப்பத்திரண்டு விமானங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். அன்று ஒரே நாளில் போக வேண்டிய தூரம் 326 கிலோமீட்டர். வழியில் இதைப்போல வேறு கணவாய்களும் உண்டு. போகிற போக்கிலே கியர் மாற்றும் கருவியை அந்தப் பந்தயத்தில் 1937ல்தான் அனுமதித்தார்கள்.

குஸ்தாவ் காரிகூ என்பவர் துர்மலேயில் ஒரு இடத்திலும் இறங்காமல் மிதித்தே ஏறி, 100 பிராங்க் பரிசு வாங்கினார். ஆனால் உச்சியை முதலில் தொட்டவர் அவரல்ல, ஆக்டேவ் லப்பீஸ். அவர் ஏற முடியாத இடங்களில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தவர்! அன்றைய ஓட்டத்தில் ஜெயித்தவரும் அவரே. அந்த வருஷத்துப் பந்தயம் முழுவதையும் ஜெயித்தவரும் அவரே. ஏழு வருஷம் கழித்து முதல் உலக யுத்தத்தில் விமானியாகப் போய் உயிர்விட்டார்.

இனி என் கணக்கு.

எனக்குப் பத்தொன்பது வயது. நானும் எங்கள் தெருத் தோழன் ஒருவனும் நன்னிலத்திலிருந்து கொடைக்கானலுக்குச் சைக்கிளில் கிளம்பினோம். தஞ்சாவூர், திருச்சி, திண்டுக்கல் வரையில் ராஜ பவனிதான். வத்தலகுண்டைத் தாண்டி மலைப்பாதை ஆரம்பித்தது. ஏழெட்டு வளைவுக்குள் எனக்கு மூச்சு முட்டிவிட்டது. இறங்கி நின்றேன்.

"தள்ளிண்டு போகலாம், வாடா" என்றான் அவன்.

"தள்ளிண்டு போனா அது சைக்கிள்லே போனதாகுமா?" என்று நான் தத்துவம் பேசினேன். மலைவாழைத் தார் ஏற்றிக்கொண்டு இறங்கி வந்த லாரியில் சைக்கிளைப் போட்டுத் திரும்பிவிட்டேன். அவன் தள்ளிக்கொண்டே மேலே போனான்.

லாரியும் ரயிலுமாக நான் முதலில் ஊர் வந்து சேர்ந்தேன். "ரெண்டு பேரும் ஏறிட்டோம். அவன் மதுரையைப் பார்த்துட்டு வரான்" என்று வீட்டிலும் தெருவிலும் சொல்லி வைத்தேன். நாலு நாள் கழித்து அவன் வந்தான். கன்னம் வற்றி, மூக்குத் தோல் உரிந்திருந்தது. டீக்கடையில் யாரோ, "ரெண்டு பேரும் கொடைக்கானல் ஏறினீங்களாமே?" என்று கேட்டார்கள். அவன் என்னை ஒரு தரம் பார்த்தான்.

"ஆமாம். ஏறினோம்" என்றான்.

இருபத்தைந்து வருஷம் ஆகிறது. இன்றுவரை அவன் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. எடுத்திருந்தால் எனக்கு இத்தனை பாரமாக இருந்திராது.

இறங்கித் தள்ளுவது தோல்வியல்ல என்பதை லப்பீஸின் கதையைப் படித்துத் தெரிந்துகொண்டேன். பாதியில் திரும்புவதும் அவமானமல்ல. டெஹ்ரானில் திரும்பியவர் டெஹ்ரானில் திரும்பினார் என்றே சரித்திரத்தில் இருக்கிறது. அவருடைய பெயரும் அதோடு கூடவே இருக்கிறது. நான் மட்டும்தான் நிற்காத இடத்தில் நின்றதாக எழுதிக்கொண்டவன்.

ஆகவே எங்கள் ஊர்க்காரர்கள் கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும். கொடைக்கானல் ஏறியவன் ஒருவன்தான். மற்றவன் வத்தலகுண்டுக்கு மேலே, ஏழாவதோ எட்டாவதோ வளைவில் நின்றுவிட்டான்.