நீல மாளிகையும் ஒரு காதல் நாவலும்

பினாங்கு ஜார்ஜ் டவுனில், லீத் தெரு வழியே செல்வோர் அந்த நீல மாளிகையை ஒருமுறையேனும் நின்று நோக்காமல் கடப்பது அரிது. 38 அறைகளும் 5 முற்றங்களும் 220 சாளரங்களும் கொண்ட அம்மாளிகையைக் கட்டியவர் சியோங் ஃபாட் சி என்னும் சீன வணிகர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த அந்த வீட்டை உலகத்தின் கண்முன் கொண்டுவந்து நிறுத்தியது எந்த வரலாற்று நூலும் அன்று. ஒரு காதல் நாவலும் அதன்வழி வந்த திரைப்படமுமே.

நாவலின் பெயர் ‘கிரேசி ரிச் ஏசியன்ஸ்’. சிங்கப்பூரில் பிறந்து இளமையிலேயே அமெரிக்கா சென்று குடியேறிய கெவின் குவான் அதனை 2013-இல் வெளியிட்டார். கதை புதிதன்று. நியூயார்க்கில் பொருளியல் கற்பிக்கும் ரேச்சல் சூ, தன்னுடன் பணியாற்றும் நிக்கலஸ் யங்கைக் காதலிக்கிறாள். நண்பரின் திருமணத்திற்கென அவனுடன் சிங்கப்பூர் வந்து இறங்கிய பின்னரே, அவன் அந்நாட்டின் பெருஞ்செல்வக் குடும்பங்களுள் ஒன்றன் வாரிசு என்பது அவளுக்குத் தெரிகிறது. தனித்து நின்று உழைத்த தாயால் வளர்க்கப்பட்டவள் ரேச்சல். அவளை மருமகளாக ஏற்க நிக்கலஸின் தாய் எலினாருக்கு மனமில்லை. இவ்வளவே கதை. ஆயினும் செல்வர்தம் ஆடம்பரத்தையும் குலப்பெருமையையும் வீண் அச்சங்களையும் எள்ளி நகையாடும் பாங்கினால் அது பல்லாயிரவரைப் படிக்க வைத்தது. பழஞ்செல்வர் புதுச்செல்வரை எவ்வாறு இழிவாக நோக்குகின்றனர் என்பதைக் காட்டும் இடங்களே நாவலின் சிறந்த பகுதிகள் எனலாம். காதல் அவற்றைக் கோக்கும் நூல் மட்டுமே.

2018-இல் ஜான் எம். சூவின் இயக்கத்தில் இந்நாவல் படமாயிற்று. சிங்கப்பூரின் பழஞ்செல்வத்தைக் காட்டுவதற்குத் தக்க வீடுகள் மலேசியாவில்தான் கிடைத்தன என்பது சற்றே நகைப்பிற்குரிய செய்தி. யங் குடும்பத்தின் மூதாதையர் மாளிகையாகத் தோன்றுவது கோலாலம்பூரில் வெள்ளையர் ஆட்சியாளருக்கெனக் கட்டப்பட்ட கார்கோசா. ரேச்சலும் எலினாரும் எதிரெதிரே அமர்ந்து மாஜோங் ஆடும் புகழ்பெற்ற காட்சி எடுக்கப்பட்ட இடமோ லீத் தெரு நீல மாளிகை. எலினாராக நடித்த மிஷல் இயோ ஈப்போவில் பிறந்தவர்.

அக்காட்சி நாவலில் இல்லை, திரைக்கதையில் சேர்க்கப்பட்டது. வெற்றி தரும் காயைக் கையில் எடுத்த ரேச்சல், அதனை எலினாருக்கு விட்டுக்கொடுக்கிறாள். பின்னரே தன் காய்களைத் திறந்து காட்டுகிறாள். தாயையும் மகனையும் பிரிக்க விரும்பாமல் தானே விலகிவிட்டதை அவ்வகையில் உணர்த்துகிறாள். தமிழறிந்தோர்க்கு இவ்விடத்தில் நற்றிணையின் 45-ஆம் பாட்டு நினைவுக்கு வராமல் இராது. விரைந்தோடும் தேருடைய செல்வனின் மகன் ஒருவன் கடற்கரைச் சிற்றூர்ப் பெண்ணை நாடி வருகிறான். மீனுணங்கலுக்குப் பறவை ஓட்டும் தங்கள் மேனியில் புலால் நாறும் என்றும், எட்டி நிற்குமாறும் தோழி அவனிடம் கூறுகிறாள். தாழ்ந்து பேசுவதுபோல் தொடங்கும் அப்பேச்சு, தங்கள் குடியிலும் தக்கவர் உளர் என்ற பெருமிதத்தில் முடிகிறது. வறியவள் தன் வறுமையைத் தானே எடுத்துச் சொல்லும்போது செல்வன் நாணுகிறான். ஈராயிரம் ஆண்டுக்கால இடைவெளியிலும் இந்த உத்தி மாறவில்லை.

இனி, காட்சி நிகழ்ந்த வீட்டின் வரலாற்றை நோக்கினால், அங்கே இக்கதை தலைகீழாக நடந்திருக்கக் காணலாம். சியோங் ஃபாட் சி 1840-இல் சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில், டாபு என்னும் ஊரில் எளிய ஹக்கா குடும்பத்தில் பிறந்தார். பதின்ம வயதில் பத்தாவியா சென்று தண்ணீர் சுமந்தும் கடையில் வேலை செய்தும் பிழைத்தார். வணிகர் ஒருவரின் மகளை மணந்தபின் மாமனாரின் பொருளுதவியே அவருடைய தொழிலுக்கு முதலாயிற்று. பணமில்லாத இளைஞனிடம் உழைப்பையும் சூழ்ச்சித் திறனையும் கண்ட மாமனார், எலினாரைப் போலன்றிக் கதவைத் திறந்துவிட்டார். அதன்பின் வணிகம் சுமத்திராவுக்கும் பினாங்குக்கும் விரிந்தது. 1892-இல் சீனாவின் யந்தாய் நகரில் சாங்யூ என்னும் திராட்சை மது ஆலையை நிறுவினார். 1893-இல் பினாங்கில் சீன அரசின் துணைத் தூதரானார். ‘சீனாவின் ராக்கபெல்லர்’ என அமெரிக்கர் அவரை அழைத்தனர்.

ஆணுக்குத் திறந்த அக்கதவு பெண்ணுக்கு எப்படித் திறந்தது என்பது வேறு கதை. அவருக்கு மனைவியர் எண்மர். நீல மாளிகையில் சிறப்புடன் வாழ்ந்தவள் ஏழாம் மனைவி. மணத்தின்போது அவருக்கு வயது 70, அவளுக்கு 17 என்பர். அதைக் காதல் என்று சொல்வதா, செல்வம் செய்த ஏற்பாடு என்று சொல்வதா? அந்தப் பெண்ணின் வாய்மொழி எதுவும் எஞ்சாத நிலையில், மாளிகைக்கு வருவோருக்குக் கூறப்படும் இனிய கதையை அப்படியே நம்பிவிடுதல் தகாது. 1916-இல் சியோங் மறைந்தார். கடைசி மகன் உயிரோடிருக்கும்வரை வீட்டை விற்கலாகாது என்பது அவர் உயில். அம்மகன் 1989-இல் இறக்கும்வரை வீடு விற்கப்படாமலே இருந்தது. ஆயினும் செல்வம் கரைந்து, ஒரு காலத்து அரண்மனையில் வாடகைக் குடும்பங்கள் பல குடிபுகுந்தன. பின்னர் அதனை வாங்கியோர் பழுது நீக்கிப் புதுப்பித்தனர். அப்பணி 2000-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுடைமை விருதைப் பெற்றது.

மாளிகையின் நீலம் சுண்ணாம்போடு அவுரிச் சாயம் கலந்து பெற்ற நிறம். அவுரி இந்தியாவிலிருந்து வந்தது. தென்னார்க்காட்டு வயல்களிலும் அவுரி விளைந்த காலம் அது. தெருவின் எதிர்ச் சாரியில் நிற்கும் வரிசை வீடுகள் மாளிகையின் ஏவலாளருக்கெனக் கட்டப்பட்டவை. சிறிது தொலைவு நடந்தால் செட்டியார்களின் வட்டிக்கடைகள் இருந்த பினாங்குத் தெருவும், குயின் தெருவில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலும் வந்துவிடும். இவ்வளவு அருகில் வாழ்ந்த தமிழருக்கு அந்தக் காதல் கதையில் இடமில்லை. தெற்காசியர் வாயிற் காவலராகவும் பணியாளராகவும் மட்டுமே தோன்றுகின்றனர் என்று 2018-இல் சிங்கப்பூரில் எழுந்த குறை நியாயமானதே. ஏழைப் பெண் செல்வர் வீட்டு வாயிலில் அவமதிக்கப்படுவதைக் கண்டு கலங்கும் கதை, அதே வாயிலில் காவல் நிற்பவனின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

சுமார் 3 கோடி டாலர் செலவில் உருவான படம் உலகெங்கும் 23 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. திரைக்கதையை எழுதிய இருவருள் ஒருவரான ஏடல் லிம் மலேசியாவில் வளர்ந்தவர். அடுத்த பாகத்திற்கான பேச்சு எழுந்தபோது, உடன் எழுதிய பீட்டர் சியாரெல்லிக்கு 8 இலட்சம் டாலருக்குக் குறையாத தொகையும், லிம்முக்கு ஏறத்தாழ 1 இலட்சத்து 10 ஆயிரம் டாலரும் பேசப்பட்டதாக 2019-இல் செய்தி வெளியாயிற்று. லிம் விலகிக்கொண்டார். தம் ஊதியத்தைப் பகிர்ந்துகொள்ளச் சியாரெல்லி முன்வந்தபோதும் அவர் அதனை ஏற்கவில்லை.