தொற்றும் அறுவையும்: மூடாத் தமனி நாளச் சிகிச்சையின் தொடக்க வரலாறு

முன்னுரை

கருவிலுள்ள குழந்தையின் நுரையீரல் மூச்சுவிடுவதில்லை. ஆதலால் நுரையீரல் தமனிக்குள் வரும் குருதியின் பெரும்பகுதி, தமனி நாளம் என்னும் சிறு குழாய் வழியாகப் பெருந்தமனியை அடைகின்றது. பிறந்த சில நாள்களில் மூடிக்கொள்ள வேண்டிய இந்நாளம் திறந்தே இருப்பின், அது பிறவி இதயக் குறைபாடாகின்றது. அப்போது பெருந்தமனிக் குருதி விசையுடன் திரும்பிப் பாய்ந்து, நுரையீரல் தமனியின் உட்சுவரைப் புண்ணாக்குகின்றது. அப்புண்ணில் நுண்ணுயிரிகள் தங்கித் தொற்றை உண்டாக்கும். பெனிசிலினுக்கு முந்தைய காலத்தில் இத்தொற்றுக்கு ஆளானோர் பிழைப்பது மிக அரிது. இதய அறுவையின் தொடக்கத்தில் இத்தொற்று பெற்ற இடத்தை இக்கட்டுரை ஆராய்கின்றது.

அறுவை முயற்சிகள்

நாளத்தை நூலால் கட்டி மூடலாம் என்னும் கருத்தை அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் மன்ரோ 1907இல் முன்வைத்தார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1937இல் பாஸ்டன் நகரில் ஜான் ஸ்ட்ரீடர் அதனைச் செய்துபார்த்தார். நோயாளி, தொற்றுக்கு ஆளாகியிருந்த 22 வயதுப் பெண். வேறு வழியில்லாமையே அறுவைக்குக் காரணமாயிற்று. அப்பெண் நான்காம் நாள் இறந்தார்.

1938 ஆகஸ்ட் 26 அன்று அதே நகரின் குழந்தைகள் மருத்துவமனையில் இராபர்ட் கிராஸ் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் நாளத்தைக் கட்டினார். அவளுக்குத் தொற்று இல்லை, அவள் நலம்பெற்றாள். தொற்று வருமுன் காப்பதும் இவ்வறுவையின் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது.

இவ்வெற்றி, தொற்றுற்ற நோயாளிகளின்பால் மருத்துவரின் கவனத்தை மீண்டும் திருப்பியது. தொற்றினால் நைந்த நாளச்சுவர், கட்டும்போது கிழிந்து பெருங்குருதிப்போக்கை விளைவிக்கக்கூடும். எனினும் நியூயார்க் மருத்துவர்களான டூரோஃப், வெசெல் இருவரும் அறுவைக்குப்பின் தொற்று நீங்கிய செய்தியை 1940இல் வெளியிட்டனர். இலண்டனில் ஆஸ்வால்டு டப்ஸ் தம் பட்டறிவை 1944இல் கட்டுரையாக்கினார். குருதியின் பாய்ச்சல் நின்றதும் நுண்ணுயிரிகள் குருதியிலிருந்து மறைந்தன. இவ்வாறு, பெனிசிலின் பரவலாகக் கிடைப்பதற்கு முன்னரே, அறுவை தொற்றுக்கு மருந்தாயிற்று.

முடிவுரை

1940களின் நடுப்பகுதிக்குப்பின் பெனிசிலின் இவ்வரிசையை மாற்றியது. முதலில் மருந்தால் தொற்றை நீக்கி, நாளச்சுவர் தேறியபின் அறுவை செய்வது வழக்கமாயிற்று. குழந்தைப் பருவத்திலேயே நாளத்தை மூடுவதும் பரவியது. ஸ்ட்ரீடரின் தோல்வியையும் கிராஸின் வெற்றியையும் கைத்திறனால் மட்டும் ஒப்பிடுதல் பொருந்தாது. ஒருவர் தொற்று வந்தபின் தொடங்கினார். மற்றவர் அது வருமுன் தொடங்கினார். அறுவைக்குரிய காலத்தை அறிந்ததே இவ்வரலாற்றின் திருப்பம் எனலாம்.