ஜிம்மி ஜார்ஜ் உள்விளையாட்டரங்கம்

ஜிம்மி ஜார்ஜ் உள்விளையாட்டரங்கம், திருவனந்தபுரம் வெள்ளையம்பலத்தில் உள்ள கூரையிட்ட விளையாட்டரங்கம். கேரள அரசின் விளையாட்டுத் துறையைச் சேர்ந்தது. வளாகத்தில் நீச்சல்குளமும் உண்டு. வாலிபால் வீரர் ஜிம்மி ஜார்ஜின் (1955–1987) நினைவாகப் பெயர் பெற்றது.

தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் நனைக்கும் நகரத்தில் கூரை வெறும் வசதியல்ல. கேரளத்தில் வாலிபால் வேரூன்றியது ஊர்ப்புற மண் தளங்களில். இரவில் விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம்; பார்க்க வருபவர்களுக்குக் கமுகமரமும் மூங்கிலும் கொண்டு கட்டிய கேலரி. மழை தொடங்கினால் எல்லாவற்றையும் பிரித்துவிட வேண்டியதுதான். அதற்காகக் கல்யாண மண்டபத்துக்குள் வலை கட்டி ஆடிவிடவும் முடியாது. தளம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். ஆண்களுக்கான வலையின் உயரம் 2.43 மீட்டர், தளத்துக்கு மேலே குறைந்தது 7 மீட்டர் வெற்றிடம் வேண்டும். உலக அளவிலான போட்டி என்றால் 12.5 மீட்டர்.

கண்ணூர் மாவட்டம் பேராவூரில் பிறந்த ஜிம்மிக்கு அந்த உயரம் நன்றாகவே தேவைப்பட்டிருக்கும். எம்பிக் குதித்து, எதிரணியின் தடுப்பு இறங்கும்வரை அந்தரத்தில் நின்று அடிப்பதுதான் அவர் ஆட்டத்தின் அடையாளம். சகோதரர்கள் எட்டுப் பேரும் வாலிபால் ஆடியவர்கள். கேரளப் பல்கலைக்கழக அணியிலும் கேரளக் காவல்துறையிலும் விளையாடினார்; 1976-இல், 21 வயதில், அர்ஜுனா விருது பெற்றார். 1979-இல் அபுதாபி சென்றார், 1982-இல் இத்தாலி. வெளிநாட்டு கிளப்பில் சம்பளத்துக்கு ஆடிய முதல் இந்திய வாலிபால் வீரர் என்று அவரைச் சொல்வார்கள். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற இந்திய அணியிலும் இருந்தார். 1987 நவம்பர் 30 அன்று இத்தாலியில் கார் விபத்தில் இறந்தார்.

அரங்குகளுக்கு அரசியல் தலைவர்களின் பெயரையே சூட்டிப் பழகிய நாட்டில், ஆட்டக்காரர் ஒருவரின் பெயர் தலைநகரின் உள்ளரங்குக்கு வாய்த்தது அபூர்வம்தான். அதைவிட அபூர்வம், இத்தாலியர்களும் அதையே செய்தது. பிரெஷா மாகாணத்தின் மொந்திகியாரி ஊரில் எழுந்த உள்ளரங்குக்கு 'பாலாஜார்ஜ்' என்று அவர் பெயரையே வைத்தார்கள். இறக்கும்போது அவர் ஆடிக்கொண்டிருந்தது பிரெஷா அணிக்காக. பாலாஜார்ஜில் முதல்நிலை லீக் வாலிபால் நடந்தது. பிறகு கூடைப்பந்தும் வந்தது, இசை நிகழ்ச்சிகளும் நடப்பதுண்டு.