அன்னபேதியும் ஏரிகளும்

பின்லாந்து தேசத்தின் ஓட்டன்மாக்கிச் சுரங்கத்தில் 1953 முதல் வெட்டியெடுக்கப்பட்ட இல்மனைட் தாதுவை, மேற்குக் கரையிலுள்ள போரி நகரத்தில் 1961-ல் இயங்கத் தொடங்கிய ஆலையானது கந்தகாமிலத்தில் கரைத்து, வர்ணங்களுக்கு வேண்டிய வெண்மையான டைட்டானியம் டை ஆக்சைடைப் பிரித்தெடுத்தபோது, தாதுவிலிருந்த இரும்பு பச்சைப் படிகமான அன்னபேதியாய்ப் பெருமளவில் மிஞ்சிற்று. ஆலைக்கழிவில் ஒரு பகுதி கடலிலும் விடப்பட்டது. அது வருந்தத்தக்க காரியமே. ஆயினும், நகரங்களின் சாக்கடை நீர் பாஸ்பரஸைச் சுமந்து சென்று நிர்மலமான ஏரிகளில் பாசியை வளர்த்த அக்காலத்தில், அதே அன்னபேதியைச் சுத்திகரிப்புத் தொட்டியில் இட்டால், நுண்ணுயிர்களுக்காக ஊட்டப்படும் காற்றினாலேயே இரும்பு ஆக்சிகரணமடைந்து, பாஸ்பேட்டைப் பற்றிக்கொண்டு கசடாய் அடியில் படியும் என்ற இரசாயன உண்மை அந்நாட்டு நகரசபைகளுக்குப் பேருபகாரமாயிற்று. தனித் தொட்டி கட்டும் செலவில்லாத இம்முறையை நான் மிகவும் மதிக்கிறேன். அதிகரித்த கசடும், அதை அப்புறப்படுத்தும் பொறுப்பும் மட்டும் நகரசபைகளுக்கு எஞ்சின.